கேட்காமலே ‘ஒவ்வாது’ என்ற ஆலய நிர்வாகக் குழுவிற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலயத் தலைவர், செயலாளர், பொருளாளர், செயலவை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

நம் ஊர்ப் பெண் ஒருத்தியின் முதல் இசைத்தொகுப்பு வெளியீட்டுக்கென்று 3 மாதங்களுக்கு முன் 500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) முன்பணம் வாங்கிக்கொண்டு ஒதுக்கித் தந்த ஆலய மண்டபத்தை, விழாவுக்கு 11 நாள்களே இருந்த வேளையில், மூன்றே வரிக் கடிதம் ஒன்றை அனுப்பி மறுத்துவிட்டீர்கள். அக்கடிதத்தின் இரண்டாவது வரி, அவள் பாடுவது ‘நம் மரபுக்கு ஒவ்வாத கலப்பு இசை’ என்று சொல்கிறது. மண்டபம் இல்லையென்றால் வேறொரு மண்டபத்தைத் தேடிக்கொள்ளலாம். அந்த இரண்டாவது வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. செயலாளரின் கையில் நான் நேரடியாகக் கொடுத்த கடிதத்துக்கு 3 வாரமாகியும் பதில் வராததால், இதை ஊரார் அனைவரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அவள் பெயரை இம்மடலில் நான் எழுதவில்லை. உங்களுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். 23 வயதுப் பெண்ணின் பெயர் அவள் பாட்டால் வெளியே போகவேண்டுமே தவிர ஒரு தகராறால் போகக்கூடாது என்பது என் எண்ணம்.

‘கலப்பு’ என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். மண்டப நுழைவாயிலில், கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு பழைய ஹார்மோனியத்தை வைத்து, ‘தோட்டத்து ஆலயத்தின் பாரம்பரியச் சொத்து’ என்று அட்டை எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். அது என் தந்தை வாசித்தது. 1970-இல் எனக்கு 11 வயது. எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த 14 குடும்பங்கள் சம்பளத்துக்குச் சம்பளம் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று சேர்த்து, ஈப்போவில் ஒரு பழைய சாமான் கடையில் 90 வெள்ளிக்கு அதை வாங்கின. என் தந்தை அதை மிதிவண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு தோட்டத்துக் கோயிலுக்குப் போன முதல் வெள்ளிக்கிழமையே, அன்றைய கோயில் தலைவர் அதை வாசலோடு நிறுத்தினார். வெள்ளைக்காரன் பெட்டி, கூத்துக்கொட்டகைப் பெட்டி, சாமி சன்னிதிக்கு ஆகாது என்றார். எங்கள் வீட்டுப் பரணில், என் தந்தையின் பழைய கைலி ஒன்றில் சுற்றப்பட்டு, அந்தப் பெட்டி 2 ஆண்டுகள் கிடந்தது. காலை இருட்டில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பாலைக் கொட்டாயில் நிறுத்துவிட்டு வீடு திரும்பும் அந்த மனிதர், பிற்பகலில் அதை இறக்கித் துடைத்து, துருத்தியை நான்கு முறை அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பரணில் ஏற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். அது கோயிலுக்குள் போன கதை பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. மார்கழி பஜனையில் முன்பாட்டுப் பாடும் முதியவருக்குச் சுருதி நிற்காமல் போகவே, “அந்தப் பெட்டியக் கொண்டாப்பா, சுதிக்கு மட்டும்” என்று அவரே சொன்னார். முதல் மாதம் சுருதிக்கு மட்டும் ஒலித்தது, அடுத்த மாதம் பாட்டுக்கும் ஒலித்தது. இன்று நீங்கள் அதற்குப் பாரம்பரியம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

இது நம் தோட்டத்தார் மட்டும் செய்த பிழை என்று நான் சொல்லவில்லை. கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்து வளைக்கும் முறையை, பிடிக்காத கருவி என்று காரணம் காட்டி அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஹார்மோனியத்தை ஒதுக்கி வைத்திருந்தது. அந்தக் காரணத்தில் உண்மையும் உண்டு. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் வாழும் சுரத்தை அக்கருவியால் தொட முடியாது. தொட முடியாததை அறிந்து, எவ்வளவுக்கு அது பயன்படுமோ அவ்வளவுக்குப் பயன்படுத்தியவர்கள் நம் பஜனைக்காரர்கள். ஒரு புதிய கருவியையோ முறையையோ ஏற்பதற்கும் தள்ளுவதற்கும் முன் அவர்கள் அதைக் காதால் கேட்டார்கள். நீங்கள் கேட்கவில்லை. புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) யாரோ அனுப்பிய 40 வினாடிக் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு முடிவெடுத்ததாக உங்கள் செயலவையில் உள்ள இருவர் என்னிடமே ஒப்புக்கொண்டார்கள். தொகுப்பின் மொத்த நேரம் 41 நிமிடம்.

இவ்விடத்தில் என் குற்றத்தையும் சொல்லிவிடுவது முறை. இந்த ஆலயத்தில் 22 ஆண்டுகள் ஞாயிறு காலைத் தேவார வகுப்பு எடுத்தவள் நான். அவள் 7 வயதில், பால்மரம் வெட்டி ஓய்ந்த தன் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். வந்த அன்றே ஹார்மோனியத்தைக் காட்டி, “டீச்சர், இந்தக் கட்டை மட்டும் தப்பாப் பேசுது” என்றாள். எத்தனையோ ஆண்டுகளாக அந்த ஒரு கட்டை சற்றே இறங்கி ஒலிப்பது எனக்குத் தெரியும். பெரியவர்கள் எவரும் கவனித்துச் சொன்னதில்லை. அப்படிப்பட்ட காது உடைய பிள்ளை, 13 வயதில், ஈப்போவில் உள்ள ஓய்வுபெற்ற சீன ஆசிரியை ஒருவரிடம் மேற்கத்தியக் குரலிசை கற்கப் போவதாகச் சொன்னபோது, குரல் கெட்டுப்போகும் என்று கடிந்து, அதன் பிறகு 4 மாதங்கள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். உங்கள் கடிதத்தில் உள்ள சொற்கள் எனக்குப் புதியவை அல்ல; அன்று நான் சொன்னவையும் ஏறக்குறைய அவையேதாம்.

என் பேச்சு மாறியது ஒரு மாலையில். அவளுக்கு 15 வயதானபோது, அந்தச் சீன ஆசிரியை இரண்டு நுழைவுச்சீட்டுகள் கொடுத்து, துணைக்கு நீங்கள் போக வேண்டும் என்று எனக்குச் சொல்லி அனுப்பினார். ஈப்போவிலிருந்து பேருந்தேறி, கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் அடியில் 1998-இல் திறக்கப்பட்ட பிலார்மோனிக் அரங்கிற்குப் போனோம். காலில் செருப்பா சப்பாத்தா என்று பார்க்கும் இடம் அது. நான் பட்டுப் புடவையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். நிகழ்ச்சி தொடங்கும் முன் விளக்கு மங்கியது. ஓபோ என்ற குழலில் ஒருவர் ஒற்றைச் சுரத்தை நீளமாகப் பிடிக்க, மற்றக் கருவிகள் எல்லாம் அதனோடு தம்மைச் சேர்த்துக்கொண்டன. அவள் என் காதருகே குனிந்து, “டீச்சர், ஒத்து ஊதுறாங்க” என்றாள். நாகசுரத்தின் சீவாளியைப் போலவே ஓபோவுக்கும் இரட்டை நாணல்தான் வாய் என்பதைப் பின்னர் அவளே எனக்குச் சொல்லித் தந்தாள். திருவிழாவில் நாகசுரத்தின் பக்கத்தில், சுருதிக்கென்று ஒற்றைச் சுரத்தைப் பிடிக்கும் ஒத்துக்காரர் கன்னம் புடைக்க ஊதுவதைப் பார்த்து வளர்ந்த தோட்டத்துப் பிள்ளையின் காது, அந்தக் குளிரூட்டிய அரங்கிலும் நம்முடையதைத்தான் தேடிக் கண்டுபிடித்தது. எதையும் இழந்துவிட்டுப் போகவில்லை அவள்.

அவள் கற்றதனால் தேவாரத்துக்கு நேர்ந்தது என்ன என்பதையும் ஆசிரியை என்ற முறையில் நான் சொல்ல வேண்டும். நன்மையும் நேர்ந்தது, தீமையும் நேர்ந்தது. அப்பர் பெருமானின் திருத்தாண்டகத்து நீண்ட அடிகளை இடையில் மூச்சு வாங்காமல் பாட என் மாணவர்களில் எவராலும் முடிந்ததில்லை, என்னாலும் முடிந்ததில்லை. அடிவயிற்றிலிருந்து மூச்சைத் தாங்கும் பயிற்சி 2 ஆண்டுகள் ஆனபின் அவள் ஓரடியை ஒரே மூச்சில், கடைசிச் சொல்லும் தெளிவாக விழும்படி பாடினாள். தீமை என்னவென்றால், நேராக நிற்க வேண்டிய சுரத்தில் மேற்கத்தியப் பாடகர்களுக்கு உரிய நடுக்கம் ஒன்று அவளறியாமல் வந்து ஒட்டிக்கொண்டது. அதை உதிர்க்க எங்கள் இருவருக்கும் ஓராண்டு ஆயிற்று. 18 வயதில் அவள் இங்கிலாந்துத் தேர்வு வாரியத்தின் எட்டாம் நிலைக் குரலிசைத் தேர்வில் தேறியபோது, அந்தச் சான்றிதழை முதலில் கொண்டுவந்து வைத்த இடம் நம் ஆலயத்து அம்பாள் சன்னிதி. அப்போது அருச்சனைச் சீட்டு கிழித்துக் கொடுத்து வாழ்த்தியவர் உங்களில் ஒருவர்.

இனித் தொகுப்புக்கு வருகிறேன். மொத்தம் 8 பாடல்கள். இப்படிச் செவ்விசைக் குரலோடு பிற இசை முறைகளைச் சேர்த்துப் பாடுவதை உலகச் சந்தையில் கிளாசிக்கல் கிராஸ்ஓவர் என்கிறார்கள். 1990-இல் ரோம் நகரில், உலகக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டத்துக்கு முந்தைய நாள், பவரொட்டி, டொமிங்கோ, கரேராஸ் என்னும் மூன்று ஓபரா பாடகர்கள் சேர்ந்து பாடியதிலிருந்து அந்த வகை ஊரெங்கும் பரவியது. அந்தப் பெயரில் வரும் பலவற்றை நானும் கேட்டிருக்கிறேன். இனிப்பு மிகுந்து, உப்புச் சப்பில்லாமல் இருப்பவையே அதிகம். ஆகவே பெயரைக் கேட்டதும் உங்களுக்கு எழுந்த ஐயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஐயம் எழுந்தால் கேட்டுப் பார்க்கவேண்டியதுதானே?

தொகுப்பின் மூன்றாவது பாடல் பழம்பஞ்சுரம் என்னும் பண்ணில், அதாவது பழந்தமிழ் இராகத்தில், அமைந்த சுந்தரர் பதிகம். அந்தப் பண்ணை ஓதுவார்கள் இன்று சங்கராபரண இராகத்தில் பாடுகிறார்கள். சங்கராபரணத்தின் 7 சுரங்களும் மேற்கத்தியரின் மேஜர் ஸ்கேலின் 7 சுரங்களும் ஒன்றே என்பது இசை கற்ற எவரும் அறிந்தது. அதனால்தான் அவள் நான்கு தந்திக் கருவிகளின் இசையை அப்பாடலுக்கு மட்டும் முழுமையாக அடியில் விரித்திருக்கிறாள். ஐந்தாவது பாடல் மேகராகக்குறிஞ்சி. ஓதுவார்கள் அதை நீலாம்பரியில் பாடுவார்கள். வளைந்து வளைந்து போகும் அந்தச் சுரங்களின் அடியில் மேற்கத்தியக் கூட்டுச்சுரங்களை வைத்தால் பண் உடைந்துவிடும். அதை உணர்ந்து, அங்கே அவள் வயலின் இனத்துப் பெரிய கருவியான ஒரு செல்லோவைத் தவிர வேறெதையும் அனுமதிக்கவில்லை. அந்தச் செல்லோவும் தம்புராவைப் போலச் சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டுமே பிடிக்கிறது. எங்கே சேரும், எங்கே சேராது என்று தெரிந்து ஒதுங்கத் தெரிந்தவளைத்தான் நீங்கள் கலப்பு செய்கிறவள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

தொகுப்பில் குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. ஏழாவது பாட்டில் உறுமியின் ஓசை குரலை விழுங்குகிறது. கடைசிப் பாட்டில் இரண்டிடத்தில் ‘ழ’கரம் வழுக்குகிறது, இத்தாலிய உயிரெழுத்துகளுக்கு வாயைத் திறந்து பழகியதன் விளைவு அது. இரண்டையும் அவளிடம் கண்டித்துச் சொன்னேன், தலையாட்டிக் குறித்துக்கொண்டாள். கேட்டுவிட்டுச் சொல்லும் குறையைப் பொறுத்துக்கொள்ளும் பெண் அவள்.

இத்தாலியம் என்றதும் அந்த 40 வினாடிக் காணொளி நினைவுக்கு வருகிறது. அது ‘மாதா கோயில் பாட்டு’ என்றும், ஆலய மண்டபத்தில் அதைப் பாடவிட்டால் நாளை என்னவாகும் என்றும் ஊரில் பேச்சைக் கிளப்பியிருக்கிறார்கள். அது 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓர் இத்தாலியக் காதற்பாட்டு. குரலிசை கற்கும் பிள்ளைகள் உலகமெங்கும் முதலில் கற்கும் பாட்டுகளில் ஒன்று. தன்னைவிட்டு விலகாதே என்று உருகுவதைத் தவிர அதில் வேறு பொருள் இல்லை. நாயகி பாவத்தில் ஆயிரம் பாட்டு வைத்திருக்கும் நமக்கு அது விளங்காத பொருளா? தந்தி வாசிக்க வரும் நால்வரில் இருவர் சீன இளைஞர்கள் என்பதும் சிலருக்கு உறுத்தலாம். தைப்பூசத்தன்று நம்மோடு வரிசையில் நின்று பால்குடம் சுமக்கும் சீனப் பக்தர்களுக்கு நீர்மோர் கொடுத்து வரவேற்கும் ஊர் இது என்பதற்கு மேல் அதைப்பற்றி நான் எதுவும் எழுத விரும்பவில்லை.

மரபு என்ற சொல்லை நீங்கள் எழுத்தில் பயன்படுத்தியதால் நானும் எழுத்திலேயே கேட்கிறேன். முத்துசுவாமி தீட்சிதர் நம் மரபா, இல்லையா? 1775-இல் பிறந்த அவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் பாண்டு வாத்தியக்காரர்கள் சென்னையில் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குத் தெய்வங்களைப் போற்றும் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று அவற்றுக்குப் பெயர். ஏறத்தாழ 40 இருக்கின்றன. சங்கராபரணத்தின் சுரங்களில் அமைந்தவை. பிரித்தானிய அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டிலேயே அம்பிகை சியாமளாவைப் பாடியிருக்கிறார். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றுக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தார். இந்த 200 ஆண்டுகளில் அந்தக் கருவி எந்த அளவுக்கு நம்முடையதாகிவிட்டது என்றால், அதை வெள்ளைக்காரன் கருவி என்று எவரேனும் சொன்னால் நீங்களே சண்டைக்குப் போவீர்கள். சென்ற நவராத்திரியில் நம் ஆலய மேடையில் வயலின் வாசித்தவருக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். அதே வயலின் இந்தப் பெண்ணின் பின்னால் வந்து உட்கார்ந்தால் ஒவ்வாததாகிவிடுகிறது.

அதற்கும் பின்னால் போகலாம். நம் மண்டபத்தில் வட்டாரத் திருமுறை ஓதும் போட்டி நடக்கும்போது பண்ணுக்கென்று தனி மதிப்பெண் வைக்கிறோம். அந்தப் பண்களை நமக்கு மீட்டுத் தந்தவர் யார்? தில்லையில் பூட்டிய அறையிலிருந்து தேவார ஏடுகள் மீட்கப்பட்டபோது, பாட்டு கிடைத்தது, பாடும் முறை கிடைக்கவில்லை என்றும், திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கண்டு, அவரைக் கொண்டே பண்களை வகுத்தார்கள் என்றும் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. கோயிலுக்குள் உரிமையில்லாத பாணர் குலத்துப் பெண் அவர் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் அவரிடம் போய்க் கேட்டார்கள். தகுதி பார்த்துக் கதவைச் சாத்தவில்லை. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்ததும், மேடைக்குத் தகாது என்று தமிழ்ப் பாட்டை யாரோ தள்ளி வைத்ததனால்தான். தள்ளி வைக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் நாம் என்பதை மறந்துவிட்டு, இன்னொருத்தியைத் தள்ளி வைக்கும் அதிகாரத்தை நமக்கு யார் கொடுத்தார்கள்?

மண்டபத்தைப் பற்றியும் சில சொற்கள். கருவறைக்கு முன் பாட அவள் கேட்கவில்லை; வழிபாட்டு நேரத்தில் கேட்கவில்லை. ஆலயத்தின் எதிர்ப்புறத்தில் தனி வாயில் உள்ள வாடகை மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை மாலை 7 மணிக்கு, சைவ உணவோடு நடக்கவிருந்த நிகழ்ச்சி அது. சென்ற ஓராண்டில் அதே மண்டபத்தில் கரோக்கே இரவு ஒன்றும், நேரடி விற்பனைக் கூட்டங்கள் சிலவும், அரசியல் கட்சிக் கிளைகளின் ஆண்டுக்கூட்டங்களும், பிறந்தநாள் விருந்துகளும் நடந்தன. விருந்துகளில் ஒலித்த சினிமாப் பாட்டுகளின் சொற்களை இங்கு எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவற்றில் எதற்கும் மரபு ஒரு தடையாக வந்ததாக எனக்கு நினைவில்லை. தோட்டம் துண்டாடி விற்கப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்தை விட்டு நாம் இந்தத் தாமான் குடியிருப்புக்குக் குடிவந்தபோது, ஆலயத்தையும் பெயர்த்துக்கொண்டு வந்து, பின்னர் ஊரார் கொடுத்த பணத்தில் கட்டிய மண்டபம் இது. உள்ளே மேற்குச் சுவரிலுள்ள கருங்கல் பலகையில் நன்கொடையாளர் பட்டியலைப் பாருங்கள். 51 வெள்ளி கொடுத்தவர்களின் வரிசையில் அவள் பாட்டியின் பெயர் இருக்கிறது.

பணக் கணக்கைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அதைப் பேசுவது அந்தக் குடும்பத்துக்கு விருப்பமில்லை. தந்தை செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். தாய் கையுறைத் தொழிற்சாலையில் முறைமாற்று வேலை செய்கிறார். தொகுப்பின் செலவு 18,000 வெள்ளி. அதில் தாய் எடுத்த கூட்டுப்பணமும் (சீட்டுப்பணமும்) அடக்கம். இணையத்தில் ஒருவர் ஒரு பாட்டை ஒருமுறை கேட்டால் பாடியவருக்குச் சேர்வது மிகச் சிறு தொகை. போட்ட பணத்தில் ஒரு பகுதியாவது திரும்பக்கூடிய நாள் வெளியீட்டு நாள் ஒன்றுதான். நம் நாட்டில் நூல் வெளியீட்டில் முதல் நூல் பெறுவோர் உறையில் வைத்துக் கொடுப்பதைப்போல, இசைத்தட்டையும் வாங்கி ஆதரிக்கும் வழக்கம் இருக்கிறது. (இசைத்தட்டைப் போட்டுக் கேட்கும் கருவி எத்தனை வீட்டில் இருக்கிறது என்று கேட்காதீர்கள், வாங்குவது கேட்பதற்கு மட்டும் அல்லவே.) அழைப்பிதழ்களும் சுவரொட்டிகளும் அச்சிட்ட 640 வெள்ளி உங்கள் கடிதத்தோடு வீணாயிற்று. அதைவிடக் கொடுமை, தலைவர் அவர்கள் தாயைத் தொலைபேசியில் அழைத்து, “பொண்ண நல்ல தமிழ்ப் பாட்டாப் பாடச் சொல்லுங்கம்மா” என்று அறிவுரை கூறியது. 8 பாடல்களில் 6 தமிழ் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தொகுப்பு அவர் கையில் இருந்தது, உறை பிரிக்கப்படவில்லை.

ஆகவே நான் உங்களிடம் கேட்பவை இவை. முதலாவதாக, உங்கள் கடிதத்தின் இரண்டாவது வரியைத் திரும்பப் பெறுவதாக, ஆலயத்தின் தலைப்புத்தாளில், அந்தப் பெண்ணின் பெயருக்கும் அவள் பெற்றோர் பெயருக்கும் எழுதித் தாருங்கள். வாய்மொழி போதாது, புண்படுத்தியது எழுத்து.

அடுத்து, வருகிற ஏதேனும் ஒரு வெள்ளிக்கிழமை, மாலைப் பூசை முடிந்தபின், செயலவை உறுப்பினர் அனைவரும் மண்டபத்தில் அமர்ந்து, 41 நிமிடங்களையும் முழுமையாகக் கேளுங்கள். ஒலிபெருக்கியையும் இசைத்தட்டையும் நானே கொண்டுவருகிறேன். அவளும் அங்கே இருப்பாள்; பண்ணைப் பற்றியோ சொல்லைப் பற்றியோ கேள்வி இருந்தால் அவளிடமே கேட்கலாம். கேட்ட பின்னும் உங்களுக்கு ஒவ்வவில்லை என்றால், எந்தப் பாட்டில், எந்த இடம், எதனால் ஒவ்வவில்லை என்று எழுதுங்கள். அத்துடன், எந்த நிகழ்ச்சிக்கு மண்டபம் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்ற விதிகளை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அவை கரோக்கே இரவுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் சேர்த்து எழுதப்பட்டவையாக இருக்க வேண்டும்.

ஒவ்வாதது எதுவும் இல்லை என்று கண்டால், தீபாவளிக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலையை அதே வாடகைக்கு ஒதுக்குங்கள். உங்களிடம் இன்னும் இருக்கும் 500 வெள்ளியை அதற்கான முன்பணமாக வைத்துக்கொள்ளுங்கள். வீணான 640 வெள்ளியை மண்டபக் கணக்கிலிருந்து ஈடுசெய்யுங்கள். இந்த மாத இறுதிக்குள் எழுத்துவழிப் பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால், ஆலய உறுப்பினர் என்ற முறையில், அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாக முன்மொழியும் உரிமையைப் பயன்படுத்துவேன். வழிமொழிய ஆள் இருக்கிறது.

இன்னும் ஒன்று. தொகுப்பின் முதல் பாட்டு தொடங்கும் முன் 12 வினாடிகள் ஒரு சுருதி ஒலிக்கிறது. அது, முன்னைய நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, அவள் 2 ஆண்டுகளுக்கு முன் பதிவு செய்துகொண்ட, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அந்த ஹார்மோனியத்தின் சுருதி. வெளியீட்டு நாளன்று அதை மேடையில் வைத்து நேரடியாக வாசிக்க வேண்டும் என்று அவள் விரும்புகிறாள். பெட்டியின் சாவி பொருளாளரிடம் இருப்பதாக அறிகிறேன். அதை ஒரு வாரம் முன்னதாகத் திறந்து கொடுங்கள். இறங்கி ஒலிக்கும் அந்த ஒரு கட்டையைச் சரிசெய்யும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆலயத் தேவார வகுப்பின் முன்னாள் ஆசிரியை